ஈட்டிங் டிஸார்டர் வார்டில் ஓ.டி.க்கு என்ன வேலை?

கேட்டவர் பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிப் பட்டப்படிப்பு, சுருக்கமாக ஓ.டி.) கடைசி வருடம் படிக்கும் மாணவி. இங்கிலாந்தில் ஈட்டிங் டிஸார்டர் (சாப்பிடுவதையே குலைத்துவிடும் மனநோய்) பிரிவு ஒன்றுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். "சாப்பாட்டுக்கு டயட்டீஷியன், மனசுக்கு சைக்காலஜிஸ்ட், உடம்புக்கு டாக்டரும் நர்ஸும் இருக்கும்போது நமக்கு அங்கே என்ன வேலை? சமையல் கிளாஸ் எடுப்பதா? எனக்குச் சமையலே சரியாக வராது. அப்புறம், அந்த வார்டில் மனதைக் கெடுத்துக்கொள்ளாமல் வேலை பார்க்க முடியுமா?" என்பது கேள்வி.

நான் இங்கே இங்கிலாந்தில் ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் ஆறு வருடம் உள்நோயாளி வார்டு, இப்போது வெளிநோயாளிகள். கீழே வரும் ஆட்கள் யாரும் தனி ஒருவர் அல்ல. பலரைக் கலந்து, அடையாளத்தை மாற்றி எழுதுகிறேன். இன்னொன்று, எடை, கலோரி, பி.எம்.ஐ. என்று எதற்கும் இந்தப் பதிலில் எண் இருக்காது. வார்டில் நாங்கள் வாய்தவறிக்கூட அந்த எண்களைச் சொல்வதில்லை. படிப்பவர்களில் இந்த நோயோடு போராடிக்கொண்டிருப்பவர் ஒருவராவது இருப்பார்.

ஓ.டி. என்றால் நம்மூரில் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைப்பார்கள். விளக்கினால், "ஓ, பிசியோவா?" என்பார்கள். 'தொழில்வழிச் சிகிச்சை' என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன், இன்னும் மோசம். என் பெரியப்பா, "அப்போ வேலையில்லாத பசங்களுக்கு வேலை வாங்கித் தருவியாம்மா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. நம் படிப்பில் 'ஆக்குபேஷன்' என்றால் சம்பளம் வாங்கும் வேலை மட்டுமல்ல, காலையில் பல் தேய்ப்பதிலிருந்து இரவு கதவைப் பூட்டுவது வரை ஒருவர் தன் நேரத்தை எதில் எல்லாம் செலவழிக்கிறாரோ அது எல்லாமே. உங்களுக்கு இது முதல் வருடப் பாடம். ஆனால் இந்த வார்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு அதன் அர்த்தம் முழுதாகப் புரிந்தது.

புதிதாக வரும் ஒருவரிடம் நான் முதலில் கேட்பது, அட்மிட் ஆவதற்கு முன்னால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போனது என்று அரைமணி நேரக் கட்டங்களில் எழுதித் தரச் சொல்வது. ஒரு கல்லூரிப் பெண் எழுதியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. விடிவதற்கு முன் எழுந்து நடை. எடை பார்ப்பது. காலை உணவை எப்படித் தள்ளிப்போடலாம் என்ற யோசனை. வகுப்பில் உட்கார்ந்துகொண்டு மதியத்துக்கான கணக்கு. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு மணி நேரம் லேபிள் படித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவது. மாலையில் வீட்டில் எல்லோருக்கும் கேக் சுடுவது, தான் தொடுவதில்லை. மறுபடி நடை. இரவு படுக்கையில் சமையல் வீடியோக்கள். தூக்கம் வராது. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. நண்பர், காதல், சினிமா, சும்மா இருப்பது எதற்கும் இடமில்லை. நோயே அவளுக்கு முழுநேர வேலையாக இருந்தது. சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடையாது.

அந்த அட்டவணையிலிருந்து நோயை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? வெறும் கட்டங்கள். உடம்பைத் தேற்றி, எடையைக் கொண்டுவந்து, அந்த வெறும் கட்டங்களோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், நோய் திரும்ப வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். டயட்டீஷியனும் சைக்காலஜிஸ்டும் இருக்கும்போது நமக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, அந்தக் கட்டங்கள்தான் நம் வேலை. சாப்பாடும் அதில் அடக்கம், ஏனென்றால் சாப்பிடுவதும் மனிதர் செய்யும் ஒரு காரியம். கடைக்குப் போவது, சமைப்பது, பரிமாறுவது, யாரோடு உட்காருவது, என்ன பேசுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்ந்த காரியம்.

அமெரிக்க ஓ.டி. கீல்ஹாஃப்னரின் மாடலை மனப்பாடம் செய்திருப்பீர்கள். 1980இல் அவர் அதை எழுதியபோது ஈட்டிங் டிஸார்டரை மனதில் வைத்திருந்தாரா என்று தெரியாது, ஆனால் விருப்பம், பழக்கம், செயல்திறன், சூழல் என்ற அந்த நான்கும் இங்கே கையுறைபோலப் பொருந்துகின்றன. முக்கியமாகப் பழக்கம். இந்த நோயில் விருப்பம் செத்துப்போய், பழக்கம் மட்டும் ராட்சசனாக வளர்ந்திருக்கும்.

பட்டினி மனிதரை என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலைக்கு வராதீர்கள். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களைக் கிட்டத்தட்ட ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள், தாமாக முன்வந்தவர்கள், உடலும் மனமும் நன்றாக இருந்தவர்கள். ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை அவர்களில் ஒருவருக்கும் கிடையாது. இருந்தும் சில வாரங்களில் சமையல் குறிப்புகளைப் படிக்கவும் சேர்க்கவும் ஆரம்பித்தார்கள். ஒரு தட்டுச் சோற்றை மணிக்கணக்கில் இழுத்தார்கள். நண்பர்களிடமிருந்து விலகினார்கள். பெண்கள்மேல் இருந்த ஆர்வம் போனது, படிப்பில் கவனம் போனது, எரிச்சல் வந்தது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை; அந்த ஆய்வில் பத்தும் வரிசையாகப் பறந்தன. எனவே புதிதாக வந்த நோயாளி என்னுடைய 'உங்களுக்கு என்ன பிடிக்கும்' படிவத்தை வெறுமையாகத் திருப்பித் தந்தால் நான் அதை அவருடைய குணமாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டினி பேசுகிறது என்று வைத்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்து அதே படிவத்தை மறுபடி கொடுக்கிறேன்.

அந்த ஆறு வாரம் நாம் கைகட்டி உட்கார்ந்திருப்பதும் இல்லை. மிக மோசமான நிலையில் வருபவருக்கு நாற்காலியில் உட்கார்ந்தாலே எலும்பு குத்தும், தோல் புண்ணாகும். அழுத்தம் குறைக்கும் மெத்தை, குளிக்கும்போது உட்கார ஸ்டூல், எழுந்து நின்றால் தலைசுற்றும் என்பதால் எதை எந்த வரிசையில் செய்வது என்ற யோசனை எல்லாம், நியூரோ வார்டில் படித்தது இங்கே உதவும். இன்னொரு பக்கம், பட்டினி கிடந்த உடம்புக்குச் சாப்பாடு திரும்பக் கிடைக்கும் முதல் நாட்கள்தான் ஆபத்தானவை. ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் திடீரென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம்; ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பார்கள். இங்கே ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் 2022இல் வெளியிட்ட அவசரநிலை வழிகாட்டி இருக்கிறது, வேலையில் சேர்ந்தால் முதல் வாரமே படித்துவிடுங்கள். பாவம், ஒரு பிஸ்கட் கூடக் கொடுப்போமே என்று நாமாக எதையும் நீட்டக் கூடாது. நம் ஊர் வளர்ப்புக்கு இது ரொம்பக் கஷ்டம்.

சரி, சமையலறைக்கு வருவோம்.

எங்கள் வார்டில் சிகிச்சைக்கென்று ஒரு சின்னச் சமையலறை. முதல் செஷனில் நான் எதையும் சொல்லித்தருவதில்லை, பார்க்கிறேன். சீஸ் வைத்த டோஸ்ட் மாதிரி ஒன்று, பத்து நிமிட வேலை. அதற்கு ஐம்பது நிமிடம் ஆகும். பாக்கெட்டில் இருக்கும் ரொட்டித் துண்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்துச் சின்னதைத் தேடுவது, சீஸை வெட்டுவது, திருப்பி வைப்பது, மறுபடி வெட்டுவது, சாப்பிடும் முன்னாலேயே மேடையை மூன்று தடவை துடைப்பது. நின்றுகொண்டே இருப்பது. தட்டு மேசைக்கு வரும்போது டோஸ்ட் ஆறிப்போயிருக்கும். இவர்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாகச் சமைப்பவர்கள். ஆகவே இது சமையல் கிளாஸ் இல்லை. செய்யத் தெரிந்த ஒன்றைச் செய்யவிடாமல் உள்ளே ஒரு குரல் கத்திக்கொண்டிருக்கிறது. ஆலோசனை அறையில் உட்கார்ந்து பேசும்போது அந்தக் குரல் நல்ல பிள்ளையாக ஒளிந்துகொள்ளும். அடுப்பு முன்னால் அதால் ஒளிய முடியாது. சைக்காலஜிஸ்ட் ஒரு மாதம் பேசிக் கண்டுபிடிக்கும் விஷயம் வெண்ணெய்க் கத்தியை எடுத்த அரை நிமிடத்தில் என் கண்முன் நடக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. நான் பார்த்ததை அவரிடம் போய்ச் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி.

பிறகு உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நானும். அதே டோஸ்ட், அதே அளவு, ஓரத்தை ஒதுக்காமல். அவர் கண்கள் என் தட்டில்தான் இருக்கும். அந்த மேசையில் உணவைப் பற்றிப் பேச்சு கிடையாது. மழை, நாய்க்குட்டி, டிவியில் வரும் போட்டியில் போன வாரம் யார் வெளியேறினார்கள் இப்படி ஏதாவது. இதற்குக்கூடப் பயிற்சி வேண்டும். சாப்பிட்டு முடித்த அடுத்த அரைமணி நேரம்தான் மிகக் கொடுமையானது. குற்ற உணர்ச்சி உச்சத்தில் இருக்கும். அப்போது நூல் கோர்ப்பதோ சீட்டாட்டமோ, கைக்கும் கண்ணுக்கும் ஏதாவது கொடுத்துக்கொண்டு கூடவே இருக்கிறோம்.

அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொன்றாக மாற்றுகிறோம், எதை மாற்றுவது என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்துகொண்டு. தராசை அலமாரிக்குள் வைப்பது. பிறகு அளக்கும் ஸ்பூன். பிறகு பொதுப் பாத்திரத்திலிருந்து தானே எடுத்துப் போட்டுக்கொள்வது. இதற்கு ஆங்கிலத்தில் சுற்றிவளைத்து என்னென்னவோ சொல்கிறார்கள். நமக்குக் 'கண்ணளவு' என்று ஒரே சொல் இருக்கிறது. ஒரு சிட்டிகை, ஒரு கைப்பிடி, கொஞ்சம் தாராளமாக. என் நோயாளிகள் இழந்தது அந்தக் கண்ணளவைத்தான். உடம்பையும் கையையும் நம்பாமல் எண்ணை மட்டும் நம்பக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள்.

சமையலறைக்கு அப்புறம் கடை, கடைக்கு அப்புறம் காபி ஷாப். இங்கே ஒரு சிக்கல். 250 பேரோ அதற்கு மேலோ ஊழியர் உள்ள உணவகங்கள் மெனுவிலேயே கலோரி போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் சட்டம். உடல்பருமனைக் குறைக்கக் கொண்டுவந்தது. எங்களுக்கு அது தலைவலி. ஒரு பெண்ணை மூன்று வாரம் தயார் செய்து ஒரு கடைக்குக் கூட்டிப்போனால், பலகை முழுக்க எண்கள். கேட்டால் எண் இல்லாத மெனுவைத் தரவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. இப்போது அதையே பயிற்சியாக்கிவிட்டேன்: கல்லாவில் போய், குரல் நடுங்காமல், "கலோரி போடாத மெனு இருக்கா?" என்று கேட்பது. சில கடைகளில் இருக்கும், சிலவற்றில் அந்தப் பையன் முழிப்பான். முழித்தால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வோம்.

இனி லண்டனில் வளர்ந்த ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்ணைப் பற்றி. பத்தொன்பது வயது. வார்டில் டோஸ்ட், சீரியல், பாஸ்தா என்று திட்டப்படி தேறிக்கொண்டிருந்தாள். வார இறுதியில் வீட்டுக்கு அனுப்பினால் எல்லாம் குலைந்துவிடும். காரணம் கேட்டால், வீட்டில் புட்டும் சொதியும், அது அவளுடைய திட்டத்தாளில் இல்லை. தாளில் இல்லாததை நோய் அனுமதிக்காது. குடும்பம் முழுக்க ஹாலில் உட்கார்ந்து புட்டு சாப்பிட, இவள் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சூப்பர் மார்க்கெட் டப்பா உணவைச் சூடாக்கிச் சாப்பிடுவாள். எங்கள் குழுவில் யாருக்கும் இது பெரிதாகப் படவில்லை. சாப்பிட்டுவிட்டாளே, போதாதா? எனக்குப் போதவில்லை. தன் வீட்டுச் சோற்றைத் தன் வீட்டு ஆட்களோடு சாப்பிட முடியாதவள் எப்படித் தேறியவள்?

டயட்டீஷியனிடம் பேசி, அம்மாவைப் புட்டுக்குழலோடு வார்டுச் சமையலறைக்கு வரவழைத்தோம். டயட்டீஷியன் ஆங்கிலேயப் பெண், நோட்டும் பேனாவுமாக நின்று, எவ்வளவு மா, எவ்வளவு தேங்காய்ப்பூ என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். "எவ்வளவு எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல, பிள்ளை? கை சொல்லும்." நான் மொழிபெயர்க்கும் முன்னாலேயே மகள் சிரித்துவிட்டாள். அன்று அவள் அரைப்பங்குதான் சாப்பிட்டாள், நடுவில் அழுதாள். ஆனால் டயட்டீஷியன் அந்தச் சமையலைக் கண்ணால் பார்த்திருந்ததால், அளவை அம்மாவின் அகப்பைக் கணக்கிலேயே எழுதித் தந்தார். மகள் எதையும் அளக்க வேண்டியதில்லை, அம்மா போட்டுத்தருவார், அவள் சாப்பிடுவாள். ஆறாவது வாரம் அகப்பையை அவளிடமே கொடுத்தோம்.

அந்த வீட்டில் இன்னொன்றும் இருந்தது. அம்மா நாளுக்கு நான்கு முறை போன் செய்வார். முதல் வார்த்தை, "சாப்பிட்டியா?" நமக்கு அது நலம் விசாரிப்பது. எதிரில் வருபவர் சாப்பிட்டாரா இல்லையா என்பதில் நமக்கு உண்மையில் அக்கறைகூட இருக்காது. வணக்கம் சொல்வதற்குப் பதிலாகச் சொல்வது அது. இவளுக்கோ அது போலீஸ் விசாரணை. நாளுக்கு நான்கு விசாரணை. அம்மாவிடம் இதை எடுத்துச் சொன்னேன்: போனில் முதல் கேள்வி வேறு ஏதாவது இருக்கட்டும் அம்மா, சாப்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேற என்னத்தைக் கேக்கிறது?" என்றார். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த செஷன் முழுவதையும் அதற்கே ஒதுக்கினோம். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: கேட்பதை விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். இன்றைக்கு பஸ்ஸை விட்டது, பக்கத்து வீட்டுப் பூனை வாசலில் படுத்திருந்தது, கறிவேப்பிலைக் கன்று ஜன்னலோரம் துளிர்விட்டது. "எனக்கு அம்மாவைப் பற்றி இவ்வளவு தெரியாது, அக்கா" என்றாள் மகள். அதுவரை என்னை இங்கத்தி வழக்கப்படி பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுடைய சித்தி மகளுக்குக் கல்யாணம் வந்தது. பஃபே சாப்பாடு ஒரு பயம். 'மெலிஞ்சு போனாய்', 'இப்பதான் பார்க்க நல்லா இருக்கிறாய்' என்று மாறிமாறி வந்து கன்னத்தைப் பிடிக்கும் உறவுகள் ஒரு பயம். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் பிளவுஸ். தையல்காரர் நாடாவை மார்பில் சுற்றி எண்ணைச் சத்தமாகச் சொல்ல, உதவியாள் எழுதிக்கொள்வான், அதுதானே முறை? அதனால் ஒரு பெரியம்மா வீட்டிலேயே அவளுக்கு அளவெடுத்து, வாய் திறக்காமல் எழுதி, மடித்துக் கவரில் போட்டுத் தையல்காரரிடம் கொடுத்தார். உடம்பு மாறிக்கொண்டே இருக்கும் காலத்தில் உடை என்பது தினசரி யுத்தம். இங்கே மற்ற நோயாளிகளோடு துணிக்கடைக்குப் போகும்போது சைஸ் லேபிளைப் பார்க்காமல் நான் எடுத்துத் தருவேன், வாங்கியதும் லேபிளைக் கத்தரித்துவிடுவோம். பழைய சின்னத் துணிகளை எப்போது, எங்கே கொடுத்துவிடுவது என்று பேசவே ஒரு செஷன் போகும்.

சாப்பாட்டுக்கு வெளியே இருக்கும் கட்டங்களை எப்படி நிரப்புவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கல்லூரிக்குத் திரும்புவது, பகுதிநேர வேலை, ஒரு பாட்டுக்குழு. நல்ல மதிப்பெண் வாங்கும் பெண்கள் நிறையப் பேர் வருவார்கள். நோயை விட்டுவிட்டுப் படிப்பைப் பிடித்துக்கொண்டு அதே வெறியோடு ஓடுவார்கள். அதில் எச்சரிக்கையாக இருங்கள். பின்னலும் அப்படித்தான். ஒரு தையல் தவறினால் முழுதையும் அவிழ்த்து மறுபடி பின்னும் ஆளிடம் ஊசியைக் கொடுத்துவிட்டு 'கிராஃப்ட் தெரபி' நடந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் களிமண் கொடுத்து, வேண்டுமென்றே கோணலாக ஒரு கிண்ணம் செய்யச் சொல்வேன். நேராகச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள்.

எல்லாக் கட்டுப்பாட்டையும் உடைக்கப் பார்க்கவும் கூடாது. இந்த வார்டுகளில் ஆட்டிசம் உள்ளவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். தினமும் ஒரே தட்டு, ஒரே இடம், ஒன்றோடொன்று கலக்காத உணவு, இது நோயா, அவருடைய இயல்பா? 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5இல் (அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியல்) ஆர்ஃபிட் என்று தனி நோயே சேர்த்தார்கள்; அதில் எடை பயமே கிடையாது, பெரும்பாலும் மணமும் வழவழப்பும் மூச்சடைத்துவிடுமோ என்ற அச்சமும்தான். குழந்தைகள் சென்டரில் சென்சரி (புலன் உணர்வு) வேலை பார்த்த நம்மூர் ஓ.டி.க்கள் இங்கே பளிச்சென்று தெரிவார்கள். லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழு ஆட்டிசமும் ஈட்டிங் டிஸார்டரும் சேர்ந்து உள்ளவர்களுக்கென்றே 'பீஸ்' என்ற ஒரு பாதையை வகுத்திருக்கிறது, தேடிப் படியுங்கள்.

முப்பது வருடமாக நோயோடு இருப்பவர்களும் வருவார்கள். ஒருவரிடம் 'முழுக் குணம்' என்று பேசியபோது கதவைச் சாத்திவிட்டார். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டபோது, வாரம் ஒருமுறை அக்காவோடு ஒரு கடையில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும், பாலோடு, என்றார். எட்டு மாதம் அதற்காகவே வேலை செய்தோம். கனடாக்காரர்களின் சி.ஓ.பி.எம். அளவுகோலில் அதை எழுதி, பத்துக்கு எவ்வளவு என்று அவரையே போடச்சொன்னேன். இரண்டிலிருந்து ஏழுக்கு வந்தது. எடை பெரிதாக மாறவில்லை. அதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

டயட்டீஷியன் எல்லை எது, நம் எல்லை எது என்ற குழப்பமும் வரும். என்ன, எவ்வளவு என்பது அவர். எங்கே, எப்படி, யாரோடு என்பது நாம். நடுவில் கோடு மங்கல்தான், ஆனால் நோய் அந்த மங்கலில்தான் புகுந்து விளையாடும். "டயட்டீஷியன் யோகர்ட் வேண்டாம்னு சொல்லிட்டாங்களே" என்று முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். கோபப்படாமல், இரக்கத்தில் விட்டுக்கொடுக்காமல், "கேட்டுட்டு வர்றேன், அதுவரை திட்டப்படியே போவோம்" என்று சொல்லப் பழக வேண்டும்.

மனம் தாங்குமா? சில நாள் தாங்காது. மனநோய்களில் அதிகம் உயிரைக் குடிப்பவற்றில், பட்டினி கிடந்து மெலிந்துபோகும் அனோரெக்ஸியாவும் ஒன்று. நீங்கள் பழகியவர் ஒருவராவது இறப்பார். மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசும் மாதாந்திர சூப்பர்விஷனைத் தவறவிடாதீர்கள். தவறும் செய்வீர்கள். முதல் வருடம், நன்றாகத் தேறிவந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "இன்னைக்கு நல்லா இருக்கீங்களே!" என்றேன், மனதாரச் சொன்னது. அவள் காதில் அது 'குண்டாகிவிட்டாய்' என்று விழுந்தது. அன்றிரவு அவள் சாப்பாட்டு மேசைக்கே வரவில்லை. அதிலிருந்து யாருடைய தோற்றத்தையும், நல்லதாகக்கூட, நான் சொல்வதில்லை. ஊருக்குப் போகும்போது இந்தப் பழக்கத்தால் எனக்குக் கர்வம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம்.

உங்கள் சாப்பாட்டுப் பழக்கமும் பரிசோதனைக்கு வரும். நான் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்தவள். வார்டில் மேசையில் உட்கார்ந்து, "இன்று எனக்கு விரதம்" என்றால் எதிரில் இருப்பவருக்கு என்ன புரியும்? இப்போது மீல் சப்போர்ட் (நோயாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது) உள்ள நாட்களில் விரதம் இல்லை, முருகன் புரிந்துகொள்வான் என்று விட்டுவிட்டேன். டயட்டில் இருப்பவர் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. உங்களுக்கே முன்பு இந்த நோய் இருந்திருந்தால் அது தடையில்லை, ஆனால் உங்களிடம் நீங்கள் உண்மையாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் வியாதி, நம்மூரில் கிடையாது என்று உங்கள் பேராசிரியர் யாராவது சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். 1990களிலேயே ஹாங்காங்கின் மனநல மருத்துவர் சிங் லீ, குண்டாகும் பயமே இல்லாமல் வயிறு உப்புசம், பசியில்லை என்று சொல்லிக்கொண்டு மெலிந்துபோகும் அனோரெக்ஸியாவைப் பற்றி எழுதினார். நம்மூரில் அப்படி ஒரு பெண் வந்தால் முதலில் கேஸ்ட்ரோ டாக்டரிடம் போவாள், எண்டோஸ்கோபி எடுப்பார்கள், அப்புறம் கோயிலில் மந்திரிப்பார்கள். ஓ.டி.யிடம் வந்து சேரப் பல வருடம் ஆகும். நீங்கள் ஊரிலேயே சைக்கியாட்ரி யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தாலும் இதை மனதில் வையுங்கள்.

விண்ணப்பத்தைப் பொறுத்தவரை, இங்கே எச்.சி.பி.சி. என்ற பதிவு அமைப்பில் பதிவு செய்யாமல் 'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்' என்று போட்டுக்கொள்வதே சட்டப்படி குற்றம், அதனால் அதுதான் முதல் படி. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் புதியவர்கள் பேண்ட் 5 என்ற சம்பள நிலையில் சேர்வார்கள். ஈட்டிங் டிஸார்டர் வேலைகள் பல பேண்ட் 6, அனுபவம் கேட்பார்கள். உங்கள் இன்டர்ன்ஷிப்பில் சைக்கியாட்ரி போஸ்டிங்கைக் கடமைக்கு முடிக்காமல் அங்கேயே கூடுதல் வாரங்கள் கேட்டு வாங்குங்கள். பொதுவான மனநல வார்டில் ஒரு வருடம் பேண்ட் 5 பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. நேராக இங்கே குதித்தவர்கள் சிலர் ஆறு மாதத்தில் ஓடிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

சமைக்கத் தெரியாதே என்ற கவலைக்குக் கடைசியாக வருகிறேன். எனக்கும் இங்கத்திச் சமையல் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் மேக்கரோனிக்கு வெள்ளை சாஸ் கிண்டினேன், உப்புமா போலக் கட்டிகட்டியாக வந்தது. பக்கத்தில் நின்ற நோயாளி, வீட்டில் மூன்றடுக்குக் கேக் செய்பவர், அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கொட்டிவிட்டு மறுபடி செய்வோமா?" என்று கேட்டார். சமையலில் ஏதாவது பிசகினால் கொட்டிவிடுவதும், கொட்டிய சாக்கில் சாப்பிடாமல் விடுவதும் அவருடைய வழக்கம். "வேண்டாம், இதையே சாப்பிடுவோம்" என்றேன். கட்டிகளை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டு இரண்டு பேரும் தட்டைக் காலி செய்தோம்.